சாட்சியில் வந்த குடம்

பனியனைத் திருப்பிப்போட்டு, கழுத்துக்குள் இரண்டு கைகளையும் விட்டு விரித்து வெளிச்சத்தில் பார்க்கிறாள் விஜயராணி. ஊசிமுனை அளவுக்கு ஓட்டை. அம்புக்குறி ஸ்டிக்கரை அதன்மேல் ஒட்டிவிட்டு அடுத்ததை எடுக்கிறாள். திருப்பூர் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. "கண்ணால பாக்காம ஒரு பீஸையும் பாஸ் பண்ண மாட்டேன்" என்பது அவள் பேச்சு. அவசரம் என்று மொத்தமாகத் தள்ளிவிடச் சொன்னால் சூப்பர்வைசரிடமே சண்டைக்குப் போவாள்.

அப்படிப்பட்டவள்தான் போன ஞாயிறு சபையில் எழுந்து நின்று, காணாததைக் கண்டதாகச் சொல்லிவிட்டாள்.

திசையன்விளைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். கட்டிங் மாஸ்டராக இருந்த கணவன் ராபினுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷமாகிறது. இடது பக்கம் விழுந்துவிட்டது. ஜெபத்தில் கேட்டது கிடைப்பதற்கு முன்பே கிடைத்துவிட்டதாக நன்றி சொல்வது அவர்கள் சபையில் வழக்கம். அவளும் ராபின் எழுந்து நடந்ததாகச் சாட்சி சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் அல்லேலூயா சொன்ன வேகத்தில், தெருக்குழாய் வரை போய் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வந்ததாகவும் சேர்த்துவிட்டாள். சபையே அழுதது. வருகிற ஞாயிறு அவனையும் அழைத்து வரச் சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாஸ்டரிடமே போய்க் கேட்டாள்.

"விசுவாசத்துல சொன்னது பொய்யாகாது, சிஸ்டர்."

"நடந்தாவன்னு சொன்னது சரி பாஸ்டர். அந்தக் கொடம்?"

அவர் ஜெபம் செய்து அனுப்பிவைத்தார்.

கம்பெனியில் பக்கத்து மேசை சித்ராதேவிக்கும் செய்தி எட்டியிருந்தது. "ஏனுங்க்கா, நெசமாலுமே நடந்துட்டாருங்களா?"

"நடப்பாவ."

"எப்பங்க்கா?"

"அது தெரிஞ்சா நா எதுக்கு நம்பிக்கிட்டு கெடக்கேன்?"

சொன்ன பிறகு அவளுக்கே பயமாக இருந்தது. உண்மையிலேயே நம்புகிறாளா, நாலு பேர் சிரிப்பார்களே என்று நடுங்குகிறாளா? துணியாக இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொல்லியிருப்பாள்.

ராபின் கோபத்தில் பேசுவதையே விட்டுவிட்டான். "நா நடக்கலன்னா ஒன் ஆண்டவரு பொய்யராயிருவாரோ?" என்று ஒரே ஒரு தடவை கேட்டதோடு சரி.

ஞாயிறு காலை. வாசலில் ஆட்டோ நின்றது. அவனுக்கு வெள்ளைச் சட்டையைப் போட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் தோள் தையலைத் தடவிப் பார்த்தாள்.

"கொடம் பொய்யின்னு எல்லார் முன்னாலயும் சொல்லிருதேன்."

"நடந்ததையுமா?" என்று இரண்டாவது தடவையாகக் கேட்டான் ராபின்.

"அத எப்படிங்க சொல்ல முடியும்?"

இடது காலில் செருப்பு நிற்காது. பனியன் துணிக் கிழிசல் ஒன்றை எடுத்து, செருப்பைப் பாதத்தோடு சேர்த்துக் கட்டினாள். கிள்ளினாலும் தெரியாத கால் அது. முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்து, "இறுக்குதாங்க?" என்று கேட்டாள். அவன் வாய் திறப்பதற்குள் குனிந்து, முடிச்சைக் கொஞ்சம் தளர்த்திவிட்டாள்.