உரிமத்திலிருந்து வசந்தாமணி நீக்கிய வரி

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பட்டறையில் பம்புசெட் ஒன்றைச் சோதனை மேடையில் ஓடவிட்டு, திரையில் ஏறும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசி ஒலித்தது. மடை என்ற எங்கள் மென்பொருளின் கேள்விப் பக்கத்தில் ஒரு பதில் வந்திருப்பதாகத் தகவல். முந்தைய நாள் யாரோ ஒருவர், புது வகை மீட்டரை இணைத்தால் அழுத்தம் பத்து மடங்காகக் காட்டுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே வசந்தாமணியின் கணக்கிலிருந்து பதில் வந்திருந்தது. அவர் எழுதியதல்ல.

"வணக்கம். நான் வசந்தாமணியின் மகள் கவிதா. அம்மா இன்று காலை மாரடைப்பால் காலமாகிவிட்டார். உங்கள் கேள்வியை நேற்றே படித்துவிட்டார், இன்று பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பதில் தெரிந்த யாராவது இவருக்கு உதவுங்கள்."

மோட்டாரை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. கூடவே, சொன்னால் நம்ப மாட்டீர்கள், பெருமையாகவும் இருந்தது. தாய் இறந்த காலையில், முகம் தெரியாத ஒருவரின் கேள்வி பதிலில்லாமல் கிடக்கிறதே என்று பதறுகிற பெண்ணை வளர்த்திருக்கிறார் அந்த அம்மாள்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு வசந்தாமணியைப் பெயராகத்தான் தெரியும். மடை அவர் தொடங்கிய நிரல் தொகுப்பு. சோதனை மேடையில் உள்ள மீட்டர்கள் அழுத்தத்தையும் நீரோட்டத்தையும் மின்சாரத்தையும் அளக்கின்றன அல்லவா, அந்த அளவுகளை எந்த நிறுவனத்தின் மீட்டராக இருந்தாலும் ஒரே மாதிரி கணினிக்குள் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அதன் வேலை. நானும் அவரும் ஒரே பம்பு கம்பெனியின் சோதனைப் பிரிவில் அடுத்தடுத்த மேசையில் இருந்தவர்கள். மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதி, நோட்டைப் பார்த்துக் கணினியில் தட்டச்சு செய்து, இரண்டு இடத்திலும் பிழை விட்டுத் திட்டு வாங்கியவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்து முதல் நிரலை எழுதினார். கம்பெனியில் கேட்டு அனுமதி வாங்கி, அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று இணையத்தில் வைத்தார். நான் கூடச் சேர்ந்துகொண்டேன்.

பொதுவில் வைக்கும் நிரலுக்கு உரிமம் ஒன்று வேண்டும். யார் எடுக்கலாம், எடுத்தவர் என்ன செய்யலாம் என்று சொல்லும் அரைப் பக்கம். உலகில் பலரும் பயன்படுத்தும் ஒரு கட்டற்ற உரிமத்தை எடுத்து வைத்தோம். எழுதியவர் பெயரை நீக்காமல், யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். எனக்கு அது மொட்டையாகத் தெரிந்தது. நம் பக்கத்தில் பக்கத்து வீட்டு ஏணியை எடுப்பதென்றாலும், "ஏனுங்க, ஏணிய எடுத்துக்கறேனுங்க" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் எடுப்போம். ஆகவே உரிமத்தின் கடைசியில் ஒரு வரியைச் சேர்த்தேன்: "எடுத்துக்கொள்பவர்கள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளவும்." வசந்தாமணி படித்துவிட்டு, "நல்லாத்தானுங்க இருக்குது, வெச்சிருங்க" என்றார். உலகம் பூராவும் சட்டமாக வாசிக்கப்போகும் காகிதத்தில் நாங்கள் மரியாதையை எழுதிவைத்தோம். கோயமுத்தூர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தவறைச் செய்திருக்க மாட்டார்கள்.

பல வருடம் அந்த வரி எங்களுக்கு இன்பத்தையே தந்தது. ஆனைமலையில் தென்னைநார் இயந்திரம் செய்கிறவர் ஒரு வார்த்தை எழுதினார். வடக்கே ஏதோ ஒரு கல்லூரியின் ஆய்வகத்திலிருந்து ஒரு வார்த்தை வந்தது. எங்களுக்கு உச்சரிக்கவே வராத ஊர்களிலிருந்தெல்லாம் வந்தது. வசந்தாமணி அவற்றை அச்செடுத்து ஒரு கோப்பில் சேர்த்தார். வீட்டுக்கு யார் போனாலும் காபிக்கு முன் அந்தக் கோப்பு வரும்.

பிறகு இரண்டு சங்கதிகள் ஒன்றாக வந்தன. வெளியூர் நிறுவனம் ஒன்று மடையை அப்படியே தன் பொருளுக்குள் வைத்து விற்கிறது என்று தெரிந்தது. நிரலுக்குள் எங்கள் பெயர்கள் இருந்தன, அதில் குறையில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதே மாதம், கட்டற்ற மென்பொருள்களைத் திரட்டி உலகுக்கு வழங்கும் தன்னார்வலர் குழு ஒன்று எங்களுக்கு எழுதியது. உங்கள் கடைசி வரி ஒரு நிபந்தனை, நிபந்தனை உள்ளதை நாங்கள் வைத்திருக்க முடியாது, அடுத்த பதிப்புக்குள் மாற்றாவிட்டால் எங்கள் திரட்டிலிருந்து மடை நீக்கப்படும் என்று. நம் பட்டறைகளில் பாதிப் பேருக்கு மடை அந்தத் திரட்டின் வழியாகத்தான் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. அங்கிருந்து போய்விட்டால் அவர்கள் மறுபடி நோட்டைத் தூக்க வேண்டியதுதான்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அந்த வரி ஒன்றுதான் நம் கையில் இருக்கும் ஆயுதம், அதை வைத்து அந்த நிறுவனத்துக்கு வக்கீல் நோட்டீஸ் விட வேண்டும் என்றேன். வசந்தாமணி வரியை எடுத்துவிட வேண்டும் என்றார். பங்களிப்பாளர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். விவாதப் பக்கத்தில் நான் எழுதியவற்றை இன்று படித்தால் கூசுகிறது. நம் உழைப்பை ஊரான் வாயில் போடப் பார்க்கிறார் என்றெல்லாம் எழுதினேன். வரியைச் சேர்த்தது யார் என்று வெளியூர்க்காரர் ஒருவர் ஏளனமாகக் கேட்டபோது, "பார்த்துச் சேர்த்துக்கொண்டவள் நான், தவறு என்னுடையது" என்று வசந்தாமணி பதில் போட்டார். எழுதியவனான நான் அதைப் படித்துவிட்டு வாயைத் திறக்கவில்லை.

ஒரு நாள் மடையை முழுதாக நகல் எடுத்து, வேறு பெயர் சூட்டி, என் வரியோடு தனியே நடத்தத் தொடங்கினேன். உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறது. அவரிடம் பேசுவதை நிறுத்தினேன். கம்பெனியில் மேசைகள் மட்டும் அடுத்தடுத்து இருந்தன.

உரிமத்தை மாற்றுவது ஒருவர் நினைத்தால் ஆகிற காரியமல்ல. நிரலில் யாருடைய எழுத்தெல்லாம் இருக்கிறதோ அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். முப்பத்தொரு பேர். மற்ற ஊர்களில் இதை மின்னஞ்சலில் முடிப்பார்கள். வசந்தாமணியும் தூரத்தில் இருப்பவர்களுக்கு மின்னஞ்சல்தான் அனுப்பினார். ஆனால் கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் இருந்தவர்களின் வீடுகளுக்கு நேரில் போனார். எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், மேலே சம்மதக் காகிதம். கல்யாணத்துக்கு அழைப்பதுபோல. கம்பெனியில் கேலி செய்தார்கள். நானும் என் மேசையிலிருந்து சிரித்தேன். "உரிமை கேக்கற காரியமுங்க. போய்த்தானே கேக்கோணும்" என்று யாருக்கோ அவர் சொன்னது காதில் விழுந்தது.

சத்தியமங்கலத்துக்குப் போனதைக் கவிதா பிறகு எனக்குச் சொன்னாள். அவள்தான் வண்டி ஓட்டிப் போனவள். அங்கே மடைக்குப் பதினோரு வரி எழுதிக் கொடுத்த ஒருவர் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. அவர் எழுத்தின் உரிமை இப்போது அவர் மனைவிக்கு. வசந்தாமணி தட்டை நீட்ட, அந்த அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"எனக்கெதுக்குங்க இதெல்லாம்? நல்ல காரியத்துக்கு நான் தொடற தட்டாங்க இது?"

"கேட்டு வந்தவ நானுங்க. குடுக்கற இடத்துல நீங்கதான் இருக்கறீங்க. தட்டை உங்க கையிலதானுங்களே குடுக்கோணும்."

அந்த அம்மா வாங்கிக்கொண்டார். வசந்தாமணி அந்தப் பதினோரு வரிகளை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தார். அந்த அம்மா ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டினார்.

"எங்கூட்டுக்காரரு எந்நேரமும் கம்ப்யூட்டர்ல என்னமோ பண்ணிக்கிட்டிருப்பாருங்க. என்னன்னு ஒரு நாளும் கேட்டதில்லீங்க அம்மணி. இது என்ன பண்ணுதுங்க?"

"மீட்டர் தப்பாச் சொன்னாக் கண்டுபிடிச்சு நிறுத்துமுங்க. இது இல்லீன்னா எத்தனையோ மோட்டார் கருகிப் போயிருக்குமுங்க."

"இந்தக் கையெழுத்தப் போட்டா அவரு பேரு போயிருமுங்களா?"

"இல்லீங்க. மடை இருக்கற வரைக்கும் அவரு பேரு இருக்குமுங்க."

கையெழுத்தைப் போட்டுவிட்டு, அந்தப் பதினோரு வரிக் காகிதத்தைத் தானே வைத்துக்கொள்ளலாமா என்று அந்த அம்மா கேட்டாராம்.

முப்பது பேரின் சம்மதம் வந்துவிட்டது. மீதி நான். ஒரு சனிக்கிழமை காலை துடியலூரில் என் வீட்டு வாசலில் அதே தட்டோடு வந்து நின்றார். எட்டு மாதமாகப் பேசாதவர்கள். என் மனைவி, "வாங்க, வாங்க, உள்ளார வாங்க" என்று அழைத்து உட்காரவைத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். நான் விறைப்பாகவே இருந்தேன்.

"இதுக்கு ஏனுங்க இத்தனை அலைச்சல்? நான் எழுதுனதத் தூக்கிப்போட்டு நீங்களே புதுசா எழுதியிருக்கலாமே."

"எழுதலாமுங்க. ஒரு வாரத்து வேலை. ஆனா அப்புறம் அதுல நீங்க இருக்க மாட்டீங்களே, நடராஜ்."

அந்த நிறுவனம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் எடுத்துக்கொண்டதே, அதைச் சும்மா விடுவதா என்று பழையதையே பிடித்தேன். அவர் தட்டைத் திருப்பி அதன் விளிம்பைக் காட்டினார். 'ரா. வசந்தாமணி' என்று பெயர் வெட்டியிருந்தது.

"எங்கம்மா சீருக்குக் குடுத்த தட்டுங்க. இது போகாத ஊடு இல்லீங்க எங்க வீதியில. எங்க போனாலும் பேரு இருக்குது, அது போதுமுங்க. சொல்லிப்போட்டுத்தான் எடுக்கோணும்னு சட்டம் போட்டு வாங்கறது மரியாதைங்களா? வெளிய சொல்ல முடியாத எடத்துல இருக்கறவனும் இதை எடுத்துக்கட்டுமுங்க." முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் கம்பெனிக்காரங்கள விடுங்க. மடைய மொத்தமா நகல் எடுத்துக்கிட்டுப் போனப்ப நீங்களும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலீங்களே."

உள்ளே என் மனைவி சிரிப்பது கேட்டது. அந்த வரியை எழுதியவனே அந்த வரியை மீறியிருக்கிறான், எட்டு மாதமாக அது என் புத்தியில் ஏறவே இல்லை. வெட்கப்பட்டேன். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

வரியை அவர் தூக்கி எறிந்துவிடவில்லை. உரிமத்திலிருந்து எடுத்து, மடையின் முகப்புப் பக்கத்தில் ஓர் ஆசையாக வைத்தார்: "கட்டாயம் ஒன்றுமில்லை. ஒரு வார்த்தை சொன்னால் சந்தோஷப்படுவோம்." மடை அந்தத் திரட்டிலேயே இருந்தது. ஒரு பட்டறையும் நோட்டுக்குத் திரும்பவில்லை. என் தனிக் கடையை நான் மூடினேன். கட்டாயத்தை எடுத்த பிறகு முன்பைவிட அதிகம் பேர் எழுதினார்கள் என்பதை, தோற்றுப்போனவன் நானே இங்கே பதிந்துவைக்கிறேன். அந்த வெளியூர் நிறுவனம் மட்டும் எழுதவில்லை. அவர் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை.

அன்று தட்டை என் வீட்டிலேயே விட்டுப்போய்விட்டார். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதல்லவா, பொங்கலுக்கு ஏதாவது செய்து வைத்துக் கொடுக்கலாம் என்றாள் மனைவி. அந்தப் பொங்கலும் போனது, அதற்கடுத்த இரண்டு பொங்கலும் போனது.

அவர் இறந்த செவ்வாய்க்கிழமை மதியம் அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எதற்கு எடுத்துப் போனேன் என்று தெரியவில்லை. கூடத்தில் கூட்டம். பாதிப் பேர் பட்டறைக்காரர்கள், கை கழுவாமல் ஓடிவந்தவர்கள். சத்தியமங்கலத்து அம்மாவும் வந்திருந்தார். கவிதா கைபேசியைக் காட்டினாள். அவள் எழுதிய பதிலின் கீழே ஆட்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். நாங்கள் மடையைப் பயன்படுத்துகிறோம், இத்தனை நாள் சொல்லவில்லை, மன்னியுங்கள் என்று. அந்த வெளியூர் நிறுவனத்தின் பொறியாளர்கள் நான்கு பேர்கூடத் தங்கள் சொந்தப் பெயரில் எழுதியிருந்தார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அடுத்த மேசையில் இருபது வருடம் உட்கார்ந்திருந்தேனே என்று அந்தக் கூட்டத்தில் யாரிடமாவது சத்தமாகச் சொல்ல வேண்டும்போல இருந்தது.

தட்டைக் கவிதாவிடம் நீட்டினேன். பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு என் கையிலேயே வைத்தாள். "நீங்களே வெச்சுக்குங்க மாமா. அம்மா பேரு அதுல இருக்குதில்லீங்க."

தட்டு என்னிடம் இருக்கிறது. அவருடைய வேறொன்றும் என்னிடம் இருக்கிறது, அதை எப்படி எடுத்துக்கொண்டேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். கூட்டம் கொஞ்சம் விலகியபோது அவர் தலைமாட்டில் போய் நின்றேன். "ஏனுங்க வசந்தாமணி, மடைய இனி நான் பாத்துக்கறேனுங்க. எடுத்துக்கறேனுங்க" என்றேன். இந்த முறை சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன்.

பத்து மடங்காகக் காட்டும் மீட்டரைப் பற்றிய கேள்விக்கு அன்று மாலைக்குள் பதில் போட்டுவிட்டேன்.