இடது கைப் பிடி

பக்கவாதத்தில் என் மனைவிக்கு வலது பக்கம் விழுந்துபோன பிறகு அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். புரட்டாசி சனிக்கிழமை பெருமாளுக்குப் படைக்கும் தளிகைக்குக் காய் மட்டுமாவது தன் கையால் நறுக்க வேண்டும். அதற்கென்று எங்கள் வீட்டில் தனியாக ஓர் அரிவாள்மணை உண்டு, வேறு எதற்கும் எடுக்க மாட்டோம். தரையில் உட்கார முடியாதவளுக்கு இனி அது எப்படி உதவும்? கடைக் கத்திகளின் பிடி அவளுடைய இடது கையில் நிற்கவில்லை. அந்த விரல்கள் முன்பே முடக்குவாதத்தில் மடங்கியவை.

தாமல் ஏரிப் பக்கம் கொல்லுப் பட்டறை வைத்திருந்தவரிடம் போய்க் கேட்டேன். என் மகனைவிட இளையவர். அரிவாள், மண்வெட்டி என்றால் செய்வாராம். ஒருத்தர் விரலைப் பார்த்துப் பிடி செதுக்க நேரமில்லை என்றார்.

"ஆசையா இருந்தா நீயே வந்து செஞ்சிக்கோ நைனா. உலை எரிஞ்சிக்கினுதான் இருக்குது."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் மறுநாளே போய் நின்றேன்.

நான் பட்டு நெய்கிறவன். தறியில் ஏற்றிய ஒரு பாவு நூல் தீர்ந்து அடுத்த பாவு வரும்வரை தறி சும்மாதான் இருக்கும். அந்த நாட்களில் பஸ் ஏறிப் போவேன். லாரியின் அடியிலிருந்து கழற்றிய பழைய வில் பட்டையில் ஒரு துண்டைக் காய்ச்சித் தட்டச் சொன்னார். பட்டு இழையைத் தொட்டே பழகிய கை, சுத்தியலை இறக்கவே பயந்தது. "தறியில ஒக்காந்த மாதிரி தட்டிக்கினு இருக்கிறியே நைனா, ஓங்கிப் போடு" என்று சிரித்தார். தோள் வீங்கியது. வளைந்ததை நிமிர்த்தவும், நிமிர்ந்ததை மெலிதாக்கவும் மெல்ல மெல்ல வந்தது. ஒருநாள் கத்தி மாதிரி ஒன்று கையில் இருந்தது.

கடைசியாக அதைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்க வேண்டும், அப்போதுதான் கெட்டிப்படும் என்றார். எண்ணெய் என்று அவர் வைத்திருந்தது வண்டியிலிருந்து வடித்த கறுப்புக் கழிவு. பெருமாளுக்குப் போகிற கத்தியை அதிலா முக்குவது? மனசு கேட்கவில்லை. அடுத்த முறை வரும் வழியில் திருப்புட்குழியில் இறங்கி, பெருமாளைச் சேவித்து, கோயில் குளத்துத் தண்ணீரை ஒரு குடத்தில் கொண்டுவந்தேன். அவர் டீ குடிக்கப் போன நேரம், கோவிந்தா என்று சொல்லி அதில் முக்கினேன். மெலிதாக ஒரு சத்தம். துடைத்துப் பார்த்தால், பட்டு இழை ஒட்டியதுபோல் குறுக்கே ஒரு விரிசல்.

அவர் திட்டவில்லை. "சாமித் தண்ணியா இருந்தாலும் இந்த இரும்புக்குத் தண்ணி ஆகாது நைனா. வீட்ல வெளக்குக்கு ஊத்துற நல்லெண்ண இருந்தா அத எடுத்துக்கினு வா, போதும்."

மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். நடுவில் பாவு வந்துவிட்டது. சேலை முடிந்த பிறகுதான் போக முடிந்தது. இந்த முறை நல்லெண்ணெயில் முக்கினேன். விரிசல் இல்லை. பிடிக்கு மட்டும் வீட்டிலேயே அளவெடுத்தேன். பிசைந்த கோதுமை மாவை அவள் கையில் கொடுத்து இறுக்கச் சொன்னேன். அவள் எவ்வளவு இறுக்கினாளோ அவ்வளவு பள்ளம். அதைப் பார்த்துப் பார்த்து வேப்பங்கட்டையைச் செதுக்கினேன்.

ஆடி மாதம் கத்தியை அவள் கையில் வைத்தேன். நாற்காலியில் இருந்தபடியே ஒரு வெண்டைக்காயை நறுக்கினாள். ஒரு துண்டு தடியாக, ஒரு துண்டு மெலிதாக விழுந்தது. வாயின் ஒரு பக்கத்தால் சிரித்தாள்.

"நீங்க பழகிட்டீங்க. இனிமே என் கைதான் பழகணும். புரட்டாசிக்குள்ள பழகிப்பேன்."

ஆவணியில் பக்கவாதம் மறுபடி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் உயிரோடு திரும்பவில்லை.

அந்த வருஷம் எங்களுக்குப் பண்டிகை கிடையாது. தளிகையும் இல்லை. கத்தியைக் கழுவி, எண்ணெய் தடவி, பெருமாள் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

போன புரட்டாசியில்தான் மறுபடி தளிகை போட்டோம். விடியலில் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத்துண்டோடு காய் நறுக்க உட்கார்ந்தேன். கத்தி என் வலது கையில் நிற்கவில்லை; அவள் விரல்களின் பள்ளம் வேறு பக்கம் இருக்கிறது. மருமகள் வாசலில் நின்று பார்த்தாள்.

"மாமா, வேற கத்தி தரட்டுமா?"

வேண்டாம்மா என்றேன். இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். என் விரல்களுக்கு அந்தப் பள்ளம் சின்னது. வெண்டைக்காய் ஒரு துண்டு தடியாக, ஒரு துண்டு மெலிதாக விழுந்தது. அப்படியே சமைக்கச் சொன்னேன்.