டீ சிந்தாத எஞ்சின்

மெக்கானிக் தொழிலில் எஞ்சினைப் பார்ப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி, பக்கத்தில் நின்று யோசனை சொல்பவர்களைச் சமாளிப்பது. ஸ்பானர் பிடித்துப் பிழைக்கும் என் சக பாவப்பட்ட ஜென்மங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கிள்ளானில் இருக்கும் என் வொர்க்ஷாப்புக்கு வருவதெல்லாம் ரோட்டரி எஞ்சின் போட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள். அந்த எஞ்சினில் பிஸ்டன் ஏறி இறங்காது. அதற்குப் பதிலாக சமோசா வடிவத்தில் ஓர் இரும்பு உள்ளே சுற்றும். சத்தம் பெரிது, பெட்ரோல் செலவு அதைவிடப் பெரிது. இதை ஆசைப்பட்டு வாங்குகிறவர்களுக்குத் தலையில் ஒரு திருகு லூஸ் என்று ரொம்ப நாளாக எனக்கு ஒரு சந்தேகம். டாக்டர் வந்த பிறகு அது தீர்ந்துவிட்டது.

சீட் இரண்டு

டாக்டர் குணசேகரன் பிரிக்பீல்ட்ஸில் கிளினிக் வைத்துப் பல் பிடுங்கியவர். ஓய்வு பெற்றதும் கோல்ஃப் ஆடப் போகாமல், கிள்ளான் வீட்டு கார் போர்ச்சில் சொந்தமாக விமானம் கட்ட ஆரம்பித்துவிட்டார். நான் போனபோது விமானத்தின் உடம்பு போர்ச்சில் நின்றது. இறக்கை இரண்டும் ஹாலில், சோபாவுக்குப் பின்னால். ரோட்டரி எஞ்சினை அதன் மூக்கில் பொருத்தித் தர வேண்டும் என்றார். உள்ளே இரண்டு சீட். "ரெண்டாவது அவளுக்குத்தான் தம்பி. அவ உட்காரலைன்னா இதைக் கட்டினதே வீண்" என்றார் மெதுவாக.

மெதுவாகச் சொன்னாலும் அவர் மனைவி கமலா ஆன்டிக்குக் கேட்டுவிட்டது. எனக்கு டீ கொண்டுவந்தவர், டம்ளரை விமானத்தின் மேலேயே வைத்துவிட்டுச் சொன்னார்: "எஞ்சின் ஓடுறப்ப இந்த டம்ளரை உள்ள வைங்க. டீ சிந்தலைன்னா நான் ஏறுறேன். சிந்திச்சுன்னா, என் காரு நிறுத்துற இடத்தைத் திருப்பிக் குடுத்துடணும்."

தராசு

விமானத்துக்கு எடை முக்கியம். காரில் இருந்து கழற்றிய எஞ்சினோடு ஏர்கான் கம்ப்ரஸர், அது இது என்று சம்சாரம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கும். வேண்டாததையெல்லாம் கழற்றிவிட்டு, மச்சானிடம் லோரியில் ஏற்றிப் போனேன். அவர் செலாயாங் பாசாரில் காய்கறி மொத்த வியாபாரி, பெரிய தராசு வைத்திருக்கிறார்.

கோஸ் மூட்டைகளுக்கு நடுவில் எஞ்சினை இறக்கி வைத்ததும் ஒரு கூட்டம் கூடிவிட்டது. கூட வந்திருந்த டாக்டர் தராசு முள்ளையே பார்த்தார். மச்சான் தொழில் மறக்காதவர். என்னிடம் குனிந்து ரகசியமாகக் கேட்டார்: "இது உரிச்ச எடையா மச்சான், உரிக்காத எடையா?"

சாய்வு

எஞ்சினை விமானத்தின் மூக்கில் நேராக வைக்கக் கூடாது. புரொப்பெல்லர் சுற்றும்போது விமானம் ஒரு பக்கம் இழுக்கும். அதை ஈடுகட்ட, எஞ்சின் கொஞ்சம் வலது பக்கமும் கொஞ்சம் கீழேயும் பார்த்த மாதிரி உட்கார வேண்டும். ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, போல்ட்டையெல்லாம் இறுக்கினேன். பக்கத்து வீட்டு ராஜு அண்ணன் டைல்ஸ் பதிக்கிறவர். காலையிலிருந்து கோப்பிக் கோப்பையோடு மதில் ஓரம் நின்றவர், "கோணலா இருக்கே தம்பி" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. காற்று, இழுவை, கோணம் என்று பெரிய பிரசங்கமே செய்தேன். பெருமைக்குக் கொஞ்சம் இங்கிலீஷும் கலந்துகொண்டேன்.

பொறுமையாகக் கேட்டவர், கோப்பையில் மிச்சமிருந்த கோப்பியைத் தரையில் ஊற்றினார். அது நிதானமாக கேட் ஓரச் சாக்கடையைப் பார்த்து ஓடியது. "எஞ்சின் கோணல் சரிதான் தம்பி. தரையைப் பாத்தீங்களா? மழைத் தண்ணி லொங்காங்குக்கு ஓடணும்னு நான்தான்லா சாய்ச்சுப் போட்டேன்."

எலுமிச்சை

சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து, விமானத்தை முதலில் மட்டமாக்கி, எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி பொருத்தினேன். எஞ்சின் வேலை முடிந்த அன்றே ஆன்டி பூசை போட்டார். மூன்று சக்கரத்துக்கும் மூன்று எலுமிச்சை. தேங்காய் உடைத்து, புரொப்பெல்லருக்கும் சந்தனம் குங்குமம். ஆன்டி கொஞ்சம் குள்ளம். புரொப்பெல்லர் நெட்டுக்குத்தாக நின்றதால் கீழே இருந்த பிளேடுதான் எட்டியது. பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் காருக்கு ஒரு பொட்டு, விமானத்துக்கு ஒரு பொட்டு. போன வாரப் பொட்டு இருக்கும் இடத்தில்தானே இந்த வாரமும் வைக்க வேண்டும்.

ஏறவே மாட்டேன் என்கிறவருக்கு இவ்வளவு அக்கறையா என்று சீண்டினேன். ஆன்டி குங்குமக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் ஏறலைன்னா? அவரு ஏறுவாருல்ல."

டீ

கேரி தீவுப் பக்கம், செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஓடுபாதை. டாக்டரின் மிச்ச வேலைகள் முடிய மூன்று மாதம் ஆனது; பிறகு விமானத்தை அங்கே கொண்டுபோய், இறக்கை மாட்டி, ஸ்டார்ட் செய்தோம். முதல் முயற்சியிலேயே எஞ்சின் உறுமியது. ஆன்டி முக்கால் டம்ளர் டீயை இரண்டாவது சீட்டில், ஒரு பலகைமேல் வைத்தார். டம்ளர் காவடி ஆட ஆரம்பித்தது. கண் மூடித் திறப்பதற்குள் சீட் முழுக்க டீ.

ஆன்டி காலி டம்ளரை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார். நான் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மெத்தைகளை மாற்றினேன், போல்ட்டுகளைப் பார்த்தேன், கோணத்தை மறுபடி அளந்தேன். எல்லாம் சரி, ஆனால் நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. டாக்டர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் கைக்குட்டையால் சீட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பரவால்ல தம்பி. ஒத்தை ஆளாவும் பறக்கலாம்தானே."

பொட்டு

கடைசி முயற்சியாக அடுத்த வெள்ளிக்கிழமை புரொப்பெல்லரைக் கழற்றி, டாக்டர் வீட்டுக்குக் கொண்டுவந்து, நடுவில் ஒரு கம்பியைக் கோத்துத் தாங்கவிட்டேன். எப்படிச் சுற்றிவிட்டாலும் ஒரே பிளேடுதான் கீழே வந்து நின்றது. பொட்டு வைத்த பிளேடு! வாராவாரம் சந்தனம் ஏறி ஏறிக் காய்ந்து, அடை மாதிரி தடித்திருந்தது; அந்த ஒரு பக்கக் கனம்தான் நடுக்கத்துக்குக் காரணம். தினம் பார்த்த பொட்டுதான். சாமி விஷயம் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. டாக்டர் உடனே சுரண்ட ஒரு கத்தியை எடுத்தார். காலமெல்லாம் பல்லில் காரை சுரண்டிய கை அல்லவா. அந்த நேரம் பார்த்துச் சந்தனக் கிண்ணத்தோடு வந்த ஆன்டி பார்த்த பார்வையில் கத்தி தானாக உறைக்குள் போனது. "வச்ச பொட்டை அழிப்பாங்களா? நகருங்க, அந்தப் பக்கமும் வைக்கிறேன்" என்றார். குழம்புக்கு உப்புப் போடுவதுபோல, "போதுமா? இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டுக் கேட்டு அப்பினார். காய்ந்த பிறகு பார்த்து, குறைந்த இடத்தில் தொட்டு வைத்தார். கடைசியில் புரொப்பெல்லர் படுக்கை வசமாக அசையாமல் நின்றது. ஆன்டியின் சம்மதத்தோடு இரண்டு பொட்டின் மேலும் வார்னிஷ் அடித்து, ஓடுபாதைக்குக் கொண்டுபோய் மாட்டினோம்.

இந்த முறை டம்ளரில் சின்ன வளையங்கள் மட்டும் ஓடின. ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆன்டி அந்த டீயை நின்றபடியே குடித்து முடித்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டாவது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். டாக்டருக்குக் கண் கலங்கியது, புகைதான் காரணம் என்றார். பறப்பதற்கு அனுமதி இன்னும் வரவில்லை என்பதால், ஓடுபாதையின் கடைசிவரை தரையிலேயே ஓட்டிவிட்டுத் திரும்பினார்கள். எஞ்சின் நின்றதும் ஆன்டி இறங்கவில்லை. டாக்டரை முறைத்துப் பார்த்துக் கேட்டார்: "இவ்ளோதானா? மேல போகாதா?"

எஞ்சினை அந்த மூக்கில் சரியாக உட்கார வைக்க நான் மாதக்கணக்கில் தலைகீழாக நின்றேன். ஆன்டியை உள்ளே உட்கார வைக்க ஒரு கிண்ணம் சந்தனம் போதுமாயிருந்தது, அதையும் அவரேதான் அரைத்தார்.