புருவத்துக்குத் தனி டிக்கெட்

அன்று எதிர்வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர். எதிர்வீட்டு அக்கா, தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்த அவள் வீட்டுக்காரர், அவர்களுக்குப் பாவு நூல் கொடுத்து நெய்ய வைக்கும் முதலாளி, நான். அக்காவுக்கும் எனக்கும் கீமோவால் தலையில் முடி இல்லை. முதலாளிக்கு வயதால் இல்லை. அந்த வீட்டில் சீப்பு தேவைப்பட்ட ஒரே ஆள் அவள் வீட்டுக்காரர்தான்.

எனக்கும் அக்காவுக்கும் மார்பில் கட்டி. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஒரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போவோம். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், ஆனால் அவளைவிடச் சில மாதம் சீனியர். தண்ணீர் வாயில் இரும்பு மாதிரி ருசித்தால் இஞ்சி தட்டிப் போடு, வாய்ப்புண்ணுக்கு உப்புத் தண்ணீர் கொப்பளி என்று சொல்லிக் கொடுத்ததெல்லாம் நான்தான். வாந்திக்கு ஒரு கவர் எடுத்துப்போவேன். அது ஓட்டையாக இருந்துவிட்டால் என்று இன்னொன்று. அதுவும் ஓட்டையாக இருந்துவிட்டால் என்று ஒரு தூக்குச் சட்டி.

அக்காவுக்கு முடி கொட்ட ஆரம்பித்தபோது தறியில் அரக்கு நிற முகூர்த்தப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முடி பட்டோடு பட்டாக நெய்யப்பட்டுவிட்டது. ஊசியை வைத்து அதை வெளியே எடுப்பதற்குள் அவளுக்கு வியர்த்துப் போனது.

"சீக்கு மொதலாளிக்குத் தெரிஞ்சா அடுத்த பாவு வேற வூட்டுக்குப் போயிடும்மா. தறி நின்னா இன்னாத்த தின்றது? நான் இனிமே ஆஸ்பத்திரிக்கு வரல" என்றாள்.

பாதியில் விட்டவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். பயம் வந்தால் என் வாய் என் பேச்சைக் கேட்காது. "திருப்பதி மொட்டைன்னு சொல்லிடுக்கா. வேண்டுதல்னா யாரு கேள்வி கேக்கப்போறாங்க?" என்றேன்.

ஒரு விஷயத்தை மறந்துவிட்டேன். எங்கள் தெருவில் யார் திருப்பதிக்குப் போனாலும், போக முடியாதவர்கள் அவர் கையில் உண்டியல் காசு கொடுத்தனுப்புவார்கள். அடுத்த கீமோவுக்கு ஆட்டோ வந்து நின்றதும் ஒவ்வொரு வாசலாகக் கை நீண்டது. வாங்காவிட்டால் சந்தேகம் வரும். மஞ்சள் துணியில் முடிந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தோம்.

திரும்பி வந்து இறங்கும்போதே அக்கா வாந்தி எடுத்தாள். "மலைப்பாதையில வளைவு ஜாஸ்தி, பாவம்" என்று தெருவே காரணம் சொன்னது. மாசாமாசம் எதற்கு மொட்டை என்றவர்களிடம், எங்கள் இரண்டு பேருக்குமே முளைக்க முளைக்க எடுப்பதாக வேண்டுதல் என்றேன். லட்டு கேட்டவர்களுக்கு பஸ் ஸ்டாண்டு ஸ்வீட் கடையில் வாங்கிக் கொடுத்தேன். "இப்பல்லாம் சின்னதாயிடுச்சு" என்று குறைப்பட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அன்று முதலாளி வந்தார். புடவையைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தையே பார்த்தார்.

"முடி சரி. புருவம் எங்கமா?"

அதுவும் அந்த வாரம்தான் கொட்டியிருந்தது. அக்கா முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். என் வாய் முந்திக்கொண்டது.

"புருவத்துக்குத் தனி டிக்கெட்டுங்க."

தறிக்குழியில் அவள் வீட்டுக்காரருக்கு இருமல் வந்தது. முதலாளி என் முகத்தைப் பார்த்தார். எனக்கும் புருவம் இல்லை.

"எத்தினி வருஷமா போயிக்கினு இருக்கறேன், ஒருத்தனும் சொல்லலையே" என்றார். பிறகு தன் வழுக்கையைத் தடவினார். "பெருமாளுக்குக் குடுக்க எங்கிட்ட இன்னா இருக்குதுன்னு நெனச்சிக்கினே இருந்தேம்பா. புருவம் இருக்குது."

அவர் போனதும், "அங்க போயி கேட்டா மாட்டிக்குவோம். கெடுத்தியேடி" என்றாள் அக்கா. அவர் திருப்பதி போய்த் திரும்பி வருகிறவரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அது மருந்தாலா பயத்தாலா என்று டாக்டரிடமே கேட்டேன்.

வந்தார். புருவம் இல்லை.

"மேல டிக்கெட்டும் இல்ல ஒண்ணும் இல்லன்னுட்டான். அந்த டிக்கெட்ட இப்ப நிறுத்திட்டாங்க போல. உங்களுக்குக் குடுத்துவெச்சிருக்குது. நான் கீழ எறங்கி ஒரு சலூன் கடையில எடுத்துக்கினேன்." கூட வந்த ஆள் தோளிலிருந்த பாவு நூல் சுருளை வாங்கி அக்காவின் மடியில் வைத்தார். "இவ்ளோ பக்தியா இருக்கற வூடு. இனிமே என் பாவு இங்கதான்."

அக்கா அந்த நூல் சுருளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பக்தி என்று நினைத்து அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த கீமோவுக்கு ஆட்டோ வந்தபோது அக்கா எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தாள், தூக்கோடு.

இப்போது இரண்டு பேருக்கும் மருந்து முடிந்துவிட்டது. மஞ்சள் மூட்டையை நிஜமாகவே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். போனால் நிஜமாகவே மொட்டை போடச் சொல்லுவேனோ என்று அக்காவுக்குப் பயம். "இப்பதாம்மா மொளைக்குது, கொஞ்ச நாள் வெச்சிக்கறேன்" என்று தலையைப் பொத்திக்கொள்கிறாள். எனக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பக்கென்கிறது, எண்ணிப் பார்த்து மறுபடி முடிந்துவைக்கிறேன். பெருமாளுக்கு நாங்கள் தர வேண்டிய பாக்கி இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய்.