பாதிப் பாட்டு

காரிமங்கலத்துக்கும் தர்மபுரிக்கும் நடுவே ஓடிய தனியார் பஸ் ஒன்றில் பத்தொன்பது வருடம் டிரைவராக இருந்தேன். எங்கள் வண்டிக்கென்று ஒரு கூட்டம் உண்டு. முன்னால் வரும் வண்டியில் இடம் இருந்தாலும் ஏறாமல் நின்று எங்கள் வண்டியில் வருவார்கள். காரணம் பாட்டுதான். டிக்கெட் கண்டக்டர் பொறுப்பு, பாட்டு என் பொறுப்பு.

நான் சேர்ந்தபோது கேசட் காலம். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதி, காலிக் கேசட்டோடு கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து வைப்பார்கள். எதற்குப் பின்னால் எது என்று ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகூட யோசித்திருக்கிறேன். முதல் டிரிப்புக்குச் சாமிப் பாட்டு இரண்டு. பள்ளிக்கூடத்துக்கும் ஆபீசுக்கும் போகிறவர்கள் ஏறியதும் துள்ளலானவை. மத்தியான வெயிலில் பழைய டூயட். சந்தை நாளில் மட்டும் எதைப் போட்டாலும் எடுபடாது. கோழிச் சத்தமும் ஆட்டுக்குட்டிச் சத்தமும் ஆட்களின் பேச்சும் சேர்ந்து பாட்டை அமுக்கிவிடும்.

பிறகு சி.டி. வந்தது. சக்கரம் குழியில் இறங்கினால் பாட்டு ஒரே சொல்லில் நின்று திக்கும். ஒருமுறை கல்யாண கோஷ்டி ஒன்று ஏறியிருந்தபோது பாடகர் "வா" என்ற ஒரே எழுத்தை முப்பது தடவை சொன்னார். பெண் வீட்டார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு பென்டிரைவ். ஆயிரம் பாட்டு சட்டைப் பைக்குள் அடங்கிவிட்டது. ஆனால் அடுத்து என்ன வரும் என்பது எனக்கே தெரியாமல் போனது. கடைசி வருடங்களில் ஒரு நாள் ஒரு கல்லூரிப் பெண் முன்னால் வந்து, "அண்ணா, சவுண்ட கொஞ்சம் கம்மி பண்ணுங்கண்ணா, போன்ல பாட்டு கேக்க முடியல" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். திரும்பிப் பார்த்தேன். பாதிப் பேர் காதில் ஒயர் தொங்கியது. குறைத்தேன். பிறகு அதைக் கூட்டவே இல்லை.

முதுகு வலி தாங்காமல் போனபோது வேலையை விட்டுவிட்டு, இருக்கிற ஒன்றரை ஏக்கரில் சாமந்தி போட்டேன். மனைவி எங்கள் ஊர் அங்கன்வாடியில் உதவியாளர். காலையில் போனால் சாயங்காலம் நாலு மணிக்கு வருவாள். மகள் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். புது போன் வாங்கியதும் பழையதை அம்மாவிடம் கொடுத்து, பாட்டுப் பாடுகிற ஆப் ஒன்றையும் அதில் ஏற்றிவிட்டுப் போனாள். அம்மா பாடுவாள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் மாட்டுக்குத் தீவனப்புல் அறுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உள்ளே ஒரு ஆண் குரல் பாடிக்கொண்டிருந்தது. பழைய டூயட். நல்ல குரல், வழுக்கிக்கொண்டு போகிற குரல். அவர் இரண்டு வரி பாடி நிறுத்தியதும் அடுத்த வரியை என் மனைவி எடுத்தாள். புல்லுக் கட்டைத் தலையிலிருந்து இறக்காமலே வாசலில் நின்றேன். இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள். மூக்கைச் சிந்தினால்கூட அவள்தான் என்று அடுத்த தெருவிலிருந்து சொல்லிவிடுவேன். அந்தக் குரலை மட்டும் கேட்டதே இல்லை.

பாட்டு முடிந்ததும் உள்ளே போய் யார் அது என்று கேட்டேன். தெரியாது என்றாள். எந்த ஊர் என்று கேட்டேன். மலேசியா என்று நினைக்கிறேன், கொடி போட்டிருக்கிறது என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினாள். அந்த ஆள் தன் பாதியை மட்டும் பாடிவிட்டுப் போய்விடுவார். எந்த ஊரிலிருந்தும் யார் வேண்டுமானாலும் மீதிப் பாதியைப் பாடிச் சேர்க்கலாம். சேர்ந்தபின் கேட்டால் இரண்டு பேரும் ஒரே அறையில் நின்று பாடியது மாதிரி இருக்கும்.

"நீ எங்க பாடக் கத்துக்கிட்ட?" என்றேன்.

"தேஞ்சி போச்சின்னு நீங்க கொண்டாந்து போட்ட கேசட்டுங்கதான். நீங்க டூட்டிக்குப் போனதும் வெச்சிக் கேப்பேன். அத்தைக்குக் கேக்காத மாதிரி சின்னதா வெச்சிக்குவேன்."

அந்தக் கேசட்டுகளை நான் பரண் மேல் போட்டதோடு மறந்திருந்தேன். அவளுக்கு எந்தப் பக்கத்தில் எத்தனையாவது பாட்டு என்பது வரைக்கும் மனப்பாடம். ஆனால் அதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிற நிலையில் நான் இல்லை. மூன்று நாள் சரியாகப் பேசவில்லை. நான்காம் நாள் மகளுக்கு போன் போட்டு விஷயத்தைச் சுற்றி வளைத்துச் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்த ஆளுக்கு அம்மாவின் முகம்கூடத் தெரியாது, படம் போடுகிற இடத்தில் அம்மா நம் தோட்டத்துச் சாமந்திப் பூவைத்தான் போட்டிருக்கிறாள் என்றாள். என் போனிலும் அந்த ஆப்பை ஏற்றிக் கொடு என்று கேட்டுவிட்டு வைத்தேன். அடுத்து ஊருக்கு வந்தபோது ஏற்றிக் கொடுத்தாள்.

டூயட்தானே, ஆண் பாதியை நானே பாடினால் என்ன என்று தோன்றிவிட்டது. மோட்டார் கொட்டகைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பாடினேன். திரையில் வரிகள் நிறம் மாறிக்கொண்டே ஓடும். நாம் கூடவே ஓட வேண்டும். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு வருடக்கணக்கில் கூடவே முணுமுணுத்த பாட்டு, தனியாக நின்றபோது எனக்கு முன்னால் ஓடியது. நான் பிடிப்பதற்குள் வரி முடிந்துவிடும். முடித்துவிட்டுப் போட்டுக் கேட்டேன். சளி பிடித்த யாரோ ஒருவர் ரேஷன் கடை வரிசையில் நின்று பேசுவது போல இருந்தது. அழித்துவிடலாம் என்று எதையோ அமுக்கினேன். அழியவில்லை, எல்லோரும் கேட்கும்படி போய்விட்டது என்பது எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சாப்பாடு போட்டுக்கொண்டே அவள் போனை என் பக்கத்தில் வைத்து ஒரு பாட்டைத் தட்டிவிட்டாள். முதலில் என் குரல். பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன். நான் திணறி முடித்த இடத்தில் அவள் குரல் வந்தது. மீதியை அவள் பாடிச் சேர்த்திருந்தாள். நான் எங்கேயோ போய்க்கொண்டிருக்க, அவள் தன் வரிகளைக் குறை வைக்காமல் பாடி, கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து பாடுகிற இடத்தில் தன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டிருந்தாள்.

"வூட்லயே பாடியிருக்கலாம் இல்லீங்களா, எதுக்கு ஒளிஞ்சிக்கிட்டு?" என்றாள்.

"நல்லா இருக்குதா?"

"நல்லா இல்லீங்க. ஆனா நீங்கதான்னு தெரியுது."

அதோடு நான் பாடுவதை நிறுத்தினேன். அவள் பாடும் நேரத்தில் என்ன என்ன சத்தம் குறுக்கே வருகிறது என்று கவனிக்க ஆரம்பித்தேன். மிக்சி, மாடு, பக்கத்து வீட்டு டிவி. மாட்டுக்கு நாலு மணிக்கே தண்ணீர் காட்டிவிடுவேன். பக்கத்து வீட்டில் டிவியைக் குறைக்கச் சொல்லிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆனால் ஒரு நாள் கேட்டேன், அவர்கள் குறைத்துவிட்டு, பாட்டைக் கேட்கச் சுவர் ஓரமாக வந்து நின்றார்கள்.

மலேசியாக்காரரும் மெல்ல மெல்லத் தெரிந்தவரானார். பாட்டுக்குக் கீழே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் இரண்டு வரி எழுதுவார். முதலில் வெறும் கும்பிடு படம்தான். அப்புறம் ஒரு நாள் "நன்றி தங்கச்சி" என்று எழுதினார். அவள் அதைப் படித்துக் காட்டினாள். பதிலுக்கு அண்ணா என்று எழுதச் சொன்னேன். அதை அவள் முன்னாடியே எழுதியிருந்தாள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் என்று ஒரு நாள் எழுதியிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் கீழே இறங்காமல், மேலே கேபினிலேயே உட்கார்ந்து பாடுவாராம். அவருடைய பாட்டுகளில் பின்னால் ஒரே மாதிரி ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டிருக்கும். அது கேபினின் ஏசி என்று அப்போதுதான் தெரிந்தது. அத்தனை உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள், கீழே கப்பல் நிற்க, ஒரு ஆள் கண்ணை மூடிக்கொண்டு பாடுவதை நினைத்துப் பார்ப்பேன். நானும் வண்டி ஓட்டினவன் என்று அவருக்கு எழுதச் சொன்னேன். என்ன வண்டி, எத்தனை வருடம் என்று உடனே கேட்டார்.

போன வருடம் திடீரென்று அவர் வரவில்லை. முதல் வாரம் வேலை அதிகம் என்று நினைத்தோம். இரண்டாவது வாரம் அவள் தன் பாதியைப் பாடி அவருக்காக வைத்தாள். யார் யாரோ வந்து மீதியைப் பாடிச் சேர்த்தார்கள். ஒருவர் நன்றாகவே பாடினார். அவள் அவருக்குக் கும்பிடு போட்டுவிட்டு, மறுநாள் இன்னொரு பாதியைப் பாடி வைத்தாள். போன் நம்பர் கிடையாது, விலாசம் கிடையாது. அவர் வீட்டுக்காரம்மா பெயர்கூடத் தெரியாது.

"எங்க போயி விசாரிக்கறது சொல்லுங்க" என்றாள் ஒரு நாள்.

அவள் அங்கன்வாடிக்குப் போனபிறகு, மலேசியத் துறைமுகத்தில் விபத்து ஏதாவது நடந்ததா என்று போனில் தேடிப் பார்ப்பேன். கிரேன் சாய்ந்த படம் ஏதாவது வந்தால் எந்த நாடு, எந்த வருடம் என்று முதலில் பார்ப்பேன். அவளிடம் இதைச் சொல்லவில்லை. சாயங்காலம் அவள் வந்து போனை எடுத்ததும், "வந்துட்டாரா?" என்று மட்டும் கேட்பேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டுவாள். ஒரு காலத்தில் அந்த ஆள் குரல் கேட்டு மூன்று நாள் பேசாமல் இருந்தவன் நான்தான்.

மூன்று மாதத்துக்கு மேல் ஓடியது. எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகை முடிந்த மறுவாரம், தோட்டத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அவளுக்கு விடுமுறை. வரப்பில் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "வந்துட்டாருங்க" என்றாள். பூக்கூடையை வைத்துவிட்டு இரண்டு பேரும் வரப்பிலேயே உட்கார்ந்து கேட்டோம்.

அவள் பாடி வைத்திருந்த பாதிகளில் கடைசியை அவர் எடுக்கவில்லை. முதலில் வைத்ததிலிருந்து ஆரம்பித்திருந்தார். குரல் மாறியிருந்தது. வழுக்கிக்கொண்டு போன குரல், இப்போது ஒரு வரியை இரண்டாக உடைத்து நடுவில் மூச்சு எடுத்தது. பாட்டுக்குக் கீழே எழுதியிருந்தார். நெஞ்சில் ஆபரேஷன் ஆகிவிட்டது, டாக்டர் இனி கிரேன் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார், இனி வீட்டில்தான், தங்கச்சியின் பாட்டெல்லாம் பாக்கி இருக்கிறது, ஒரு நாளைக்கு ஒன்றாகப் பாடிவிடுகிறேன் என்று. அவள் படித்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நான் பூப் பறிக்கப் போவது போல எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன்.

சொன்னபடி ஒரு நாளைக்கு ஒன்றாகப் பாடினார். பாக்கியெல்லாம் தீர்ந்ததும், ஆணுக்கு வரிகள் சிறியதாக இருக்கிற பாட்டுகளாகப் பார்த்துப் பார்த்து அவள் வைக்க ஆரம்பித்தாள். சுருதியையும் இறக்கிக்கொண்டாள். அவளுக்கு அது கஷ்டம், கீழே போனால் குரல் கரகரக்கும். காலையில் பாத்திரம் தேய்க்கும்போதே அடிக்குரலில் இழுத்து இழுத்துப் பழகுவாள். அவருக்கு இது தெரியுமா என்று கேட்டேன். சொல்லக் கூடாது என்றாள்.

போன வாரம் அவர் முதலில் பாடி வைத்திருந்த ஒரு பாட்டை எடுத்தாள். இப்போது பின்னால் ஏசிச் சத்தம் இல்லை. குக்கர் விசில் அடித்தது, ஒரு குழந்தை எதற்கோ அடம் பிடித்தது. இரண்டாவது சரணம் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு பெண் குரல், டீ ஆறிப் போகுது, குடிச்சிட்டுப் பாடுங்க என்று அதட்டியது. அவர் பாட்டை விடவில்லை, ஆனால் அந்த வரியில் சிரிப்பு கலந்துவிட்டது. என் மனைவிக்கும் சிரிப்பு வந்து, தன் வரியை விட்டுவிட்டாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். அந்த இடம் வந்ததும் மறுபடி சிரித்தாள். மூன்றாவது தடவை அந்த அதட்டல் வருவதற்கு முன்பே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு கையால் என் தோளைப் பிடித்தபடி பாடி முடித்தாள்.