வேர்க்கடலை தின்ற புறா

சித்தப்பாவின் பந்தயப் புறாவைத் தொலைத்தது நான்தான் என்று ஏறக்குறைய இருபது வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடி அவருடைய ராஜ்ஜியம். பெயின்ட் அடிக்கும் வேலை போக மிச்ச நேரமெல்லாம் புறாக் கூண்டருகே கிடப்பார். பெண் தேடுவதை விட்டுவிட்டு இவரை ஒரு புறாவுக்கே கட்டிவைத்துவிடலாம் என்பாள் அம்மா.

குஞ்சு பொரித்த தாய்ப் புறாவை எங்கே கொண்டுபோய் விட்டாலும் குஞ்சு நினைப்பில் பறந்தடித்துக்கொண்டு வந்துவிடும் என்பது பந்தயக்காரர்களின் நம்பிக்கை. அப்படித்தான் சாம்பல் பெட்டையைக் கூடையில் போட்டு விஜயவாடா லாரியில் ஏற்ற ஏற்பாடு. உடம்பு லேசாக இருக்க வேண்டுமென்று அன்று இரையைக் குறைத்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஊருக்குப் போகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சித்தப்பா சட்டை மாற்றப் போன நேரத்தில் கை நிறைய வேர்க்கடலை கொடுத்தேன். விருந்தாளி மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் அங்கே திறந்துவிட்டால் மதியத்துக்குள் இங்கே வந்துவிட வேண்டும். சுடும் தரையில் நின்று, வெயிலுக்குக் கையால் கண்ணை மறைத்தபடி இருவரும் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. கூண்டில் ஆண் புறா ஒண்டியாகக் குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. சித்தப்பாவின் அபிராமபுரத்துப் பந்தயக் கூட்டாளி போன் செய்தார். அதே லாரியில் அவர் அனுப்பிய நான்கு புறாக்களில் ஒன்றுகூட வரவில்லையாம். அதெல்லாம் என் காதில் ஏறவில்லை. அழுதுகொண்டே கடலை விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

சித்தப்பா திட்டவில்லை. "கடலை துன்னா வழி மறந்துடுமா இன்னா? வானத்துலதான் இன்னாவோ கோளாறு கீது. நீ அழுவாத பாப்பா," என்றார். என்னைத் தேற்றப் பொய் சொல்கிறார் என்று இன்னும் பெரிதாக அழுதேன்.

சமீபத்தில் லடாக்கில் வானம் சிவந்து கிடந்த படத்தைப் பார்த்தேன். சூரியன் சீறி வீசும் மின்துகள்கள் பூமியின் காந்தத்தை உலுக்கும்போது வானத்தில் இப்படி ஒளி ஆடுமாம். காந்தத்தை நம்பிப் பறக்கும் புறாக்கள் அப்போது வழி தவறுவதும் உண்டாம். எனக்குச் சட்டென்று மாடி ஞாபகம் வந்தது. என் பிறந்தநாளுக்கு மறுநாள் என்பதால் தேதி மறக்கவில்லை. பழைய பதிவுகளைத் தேடினேன். அந்த ஞாயிறும் சூரியப் புயல் அடித்திருக்கிறது.

உடனே சித்தப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அப்போ, குஞ்சாண்டருந்து தாயப் பிரிச்சு அனுப்புன பாவம் இல்லியா அது?" என்றார்.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு அவர் பந்தயக் கூடையையே தொடவில்லை. வேலை அதிகம் போல என்று நினைத்திருந்தேன். எனக்குச் சொன்ன சமாதானத்தை அவரே நம்பியிருக்கவில்லை.