நாயுண்ணியும் அம்மாளும்

1. முதல் நாள்

பலேர்மோவில் ஒரு மிருக வைத்தியரிடம் பதினெட்டு வருடம் வேலை செய்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நிலம் துடைக்கத்தான் சேர்த்தார்கள். முதல் நாளே ஒரு வேட்டை நாயைக் கொண்டுவந்து மேசையில் ஏற்றினார்கள். காது முழுக்க உண்ணி. ஊரில் மாட்டுக்கும் நாய்க்கும் உண்ணி பிடுங்கி வளர்ந்தவள் நான். எனக்கா தெரியாது என்று நாலைந்தைப் பிடுங்கிப் பெருவிரல் நகத்தில் வைத்து, பேன் குத்துவதுபோலக் குத்தினேன்.

தொத்தொரெஸா ஓடிவந்து என் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப்போனார். வைத்தியர் அம்மாவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அன்று வாங்கிய ஏச்சு இன்னும் காதில் நிற்கிறது. பிறகுதான் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். உண்ணியைப் பிஞ்செத்தாவால், அதாவது சின்ன இடுக்கியால், தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். நசுக்கக் கூடாது. எண்ணெய் விடவோ நெருப்பு வைக்கவோ கூடாது. கையுறை போட்டு, எடுத்த உண்ணியை ஸ்பிரிட் போத்தலுக்குள் போடவேண்டும்.

வடக்கே காட்டுப் பக்கத்து உண்ணி லைம் என்ற வருத்தத்தைக் கொண்டுவரும், நாய் மூட்டு வீங்கி நொண்டும் என்றார். சிசிலியில் நாங்கள் பயப்படவேண்டியது வீட்டு நாயில் இருக்கும் மண்ணிற உண்ணிக்கு. அது மனிதருக்கும் காய்ச்சலைக் கொடுக்கும். கடித்த இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு இருக்கும், பிறகு உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி போடும், உள்ளங்கை உள்ளங்காலையும் விடாது. நேரத்தோடு பிடித்தால் குளிசையோடு போய்விடும். "காய்ச்சல் வந்தால் முதலில் கறுப்புப் பொருக்கைத் தேடு" என்று சொல்லிச் சொல்லியே என்னைப் பழக்கினார். இரண்டு வருடத்தில் எந்த நாயிலும் உண்ணி இருக்கும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தக் கெட்டித்தனம் எனக்குக் கொஞ்சம் தலைக்கேறியும் இருந்தது.

2. தம்பி

என் தம்பி நேசன் பிறகுதான் வந்து சேர்ந்தான். பெர்மேசோ, அதுதான் இருக்கிறதற்கான கடதாசி, அவனிடம் இல்லை. நகருக்கு வெளியே சியாகுல்லியில் ஒரு மண்டரின் பழத் தோட்டத்தில் தண்ணீர் கட்டுகிற வேலை. தோட்டக்காரரின் இரண்டு நாய்களையும் அவன்தான் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நகருக்குள் கபோவில் இருந்த எங்கள் அறைக்கு வருவான். நாய்களுக்கு உண்ணி பிடுங்கினால் கையுறை போடு என்று நான் சொல்ல, "உங்கட தொத்தொரெஸா மாதிரிக் கதைக்காதேங்கோ அக்கா" என்று சிரிப்பான்.

ஒரு ஆடி மாதம், ஞாயிறு வந்தவன் திரும்பிப் போகவில்லை. காய்ச்சல், தலையிடி, மூட்டெல்லாம் உளைவு. மூன்றாம் நாள் நெஞ்சிலும் கையிலும் சிவப்பாகப் போட்டது. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டுக் கைகூப்பினார்.

"அம்மாள் வந்திட்டா. இனிக் கண்ட கண்ட குளிசை ஒண்டும் குடுக்காதையும்" என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. சின்ன வயதில் எனக்குச் சின்னமுத்து என்ற அம்மை வந்தபோதும் இப்படித்தான் சிவந்தது. அம்மாள் வந்த வீட்டில் என்ன செய்யவேண்டுமோ எல்லாம் செய்தோம். பலேர்மோவில் வேம்பு ஏது? தெருவோரத்தில் மலைவேம்பு நிற்கும், இலை பார்வைக்கு வேம்புதான். அதை முறித்துவந்து படுக்கையில் பரப்பினேன். தாளிக்கவில்லை, மீன், இறைச்சி என்று மச்சம் சமைக்கவில்லை, ஒருவரையும் உள்ளே விடவில்லை. வெள்ளை வேட்டியால் அவனைக் கழுத்துவரை போர்த்தினேன். எங்கள் வீட்டில் அம்மாள் இறங்கிய உடம்பைத் துருவிப் பார்ப்பது அவளை அவமதிப்பது. முத்தை எண்ணக்கூட எங்கள் அம்மா விடமாட்டார்.

வேலைக்கு வரமுடியாது என்று தொத்தொரெஸாவுக்குப் போன் எடுத்தேன். தம்பிக்குச் சின்னமுத்து என்றேன். அவர், அவன் நாய் வளர்க்கிற தோட்டத்தில்தானே வேலை என்று கேட்டார். ஓம் என்றேன். உடம்பில் கறுப்புப் பொருக்கு இருக்கிறதா, வடிவாகப் பார்த்தாயா என்று கேட்டார்.

"பார்த்தனான். ஒண்டும் இல்லை" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் தம்பிக்கு இளநீர் இல்லாத குறைக்குப் பார்லித் தண்ணீர் காய்ச்சினேன். இருக்கிறது என்றால் ஆசுப்பத்திரி என்பார், ஆசுப்பத்திரிக்குப் போனால் குவெஸ்தூராவில் இருந்து பொலிஸ் வரும், பிள்ளையைத் திருப்பி அனுப்புவான்கள் என்று பயம். அந்த நேரம் ஊரில் சண்டை. திரும்பிப் போனால் அவன் கதி என்ன?

3. ஏழாம் நாள்

ஆறாம் நாள் பிதற்றத் தொடங்கினான். அம்மாள் ஆடுகிறாள் என்றார் கணவர். ஏழாம் நாள் காலை, தலைக்குத் தண்ணீர் வார்த்தால் அம்மாள் போய்விடுவாள் என்று மஞ்சளும் இலையும் போட்டுச் சுடவைத்தேன். வேட்டியை விலக்கிக் காலைத் துடைக்கும்போது உள்ளங்காலில் சிவப்பைக் கண்டேன். காலைத் திருப்பினேன். வலது முழங்காலின் பின்பக்க மடிப்பில், மிளகளவில், கறுப்பாக ஒரு பொருக்கு.

நாயென்றால் முதல் பார்க்கிற இடங்களில் அதுவும் ஒன்று.

வெறுங்காலோடு வியா மக்வேதாவுக்கு ஓடி ஒரு காரை மறித்தேன். ஆசுப்பத்திரியில் பெயரும் வயதும்தான் கேட்டார்கள். பெர்மேசோ பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஊசி ஏற்றினார்கள். கிருமி சிறுநீரகத்தையும் மூளையையும் பிடித்துவிட்டது, பிந்திவிட்டீர்கள் என்று ஒரு இளம் டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். மூன்றாம் நாள் நேசன் போய்விட்டான். இருபத்தாறு வயது.

ஊரில் இருந்த அம்மாவுக்குத் தகவல் போய்ச் சேர ஒரு மாதம் ஆனது. "அம்மாளே கேட்டு எடுத்திட்டா, நாங்கள் என்ன செய்யிறது" என்று எழுதுவித்திருந்தார். நான் மறுத்து எழுதவில்லை. உண்ணி என்று எப்படி எழுதுவேன்? கடைசிவரை அந்த நினைப்போடுதான் கண்ணை மூடினார்.

செத்தவீட்டுக்குத் தொத்தொரெஸா வந்தார். என்னைக் கட்டிப்பிடித்து, முழங்கால் மடிப்பில் இருந்தால் எவருக்கும் தவறும், நீ பார்த்தாய்தானே, உன்னில் பிழை இல்லை என்றார். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகும் அவரோடு பதினைந்து வருடம் ஒரே மேசையில் நின்று உண்ணி எடுத்தேன். ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

இப்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிலர் இந்த வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகளே, உங்களுக்குச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். காய்ச்சலோடு ஒருவர் கிடந்தால், யார் வந்து இறங்கியிருந்தாலும் சரி, போர்வையை எடுத்து உச்சி தொடங்கி உள்ளங்கால்வரை பாருங்கள். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். தொத்தொரெஸாவுக்குப் போன் எடுத்த அன்று நான் போர்வையைத் தொடவே இல்லை.